பணத்தோடு வரும் நிபந்தனை: பொது நிதியும் புகையிலையற்ற நிறுவனங்களும்

டெக்சாஸ் மாநில அரசு புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் தடுப்புக்கும் ஒதுக்கும் பணத்தைப் பகிர்ந்தளிப்பதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. டெக்சாஸ் புற்றுநோய்த் தடுப்பு, ஆராய்ச்சி நிறுவனம் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 2007 நவம்பரில் அம்மாநில வாக்காளர்கள் அரசமைப்புத் திருத்தம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்து, 300 கோடி டாலர் வரை கடன் பத்திரங்கள் வழியாகத் திரட்ட வகைசெய்ததால் உருவானது அது; 2019 நவம்பரில் இன்னொரு 300 கோடி டாலருக்கும் ஒப்புதல் கிடைத்தது. பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் மருந்து உருவாக்கும் சிறு நிறுவனங்களும் நோய் கண்டறியும் பணியில் ஈடுபட்டுள்ள தொண்டு அமைப்புகளும் அதனிடம் நிதி பெறுகின்றன. நிதி பெறும் ஒவ்வொரு நிறுவனமும் பல உறுதிமொழிகளில் கையெழுத்திட வேண்டும். அவற்றுள் ஒன்று, தன்னிடம் புகையிலையற்ற பணியிடக் கொள்கை இருக்கிறது, அது நடைமுறையிலும் இருக்கிறது என்று சான்றளிப்பது.

இந்த விதியின் வாசகம் மேலோட்டமானதன்று. கொள்கையை நிறுவனத்தின் ஆளுகைக் குழுவே ஏற்றிருக்க வேண்டும். ஒரு துறைத் தலைவர் அனுப்பும் சுற்றறிக்கை போதாது. சிகரெட், சுருட்டு, ஹூக்கா, மின் சிகரெட், மூக்குப்பொடி, மெல்லும் புகையிலை என்று எல்லா வடிவங்களும் பெயர் சொல்லித் தடைசெய்யப்பட வேண்டும். அந்தப் பட்டியலில் நம் ஊர் பீடியும் இருக்கிறது. நிதியளிக்கப்படும் திட்டம் நடக்கும் கட்டடங்கள் மட்டுமல்லாமல், அவற்றை ஒட்டி நிறுவனத்தின் பொறுப்பில் உள்ள நடைபாதைகளும் வாகன நிறுத்துமிடங்களும் தடைக்குள் வர வேண்டும். கடைசியாக, புகையிலையை விட விரும்பும் ஊழியர்களுக்கு அதற்கான உதவியை நிறுவனமே அளிக்க வேண்டும். இயலாவிட்டால் அந்த உதவி கிடைக்கும் இடத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, டெக்சாஸில் பணியிடங்களில் புகைபிடிப்பதை மாநிலம் முழுவதும் தடைசெய்யும் பொதுச் சட்டம் இல்லை என்பதுதான். அப்படிப்பட்ட மசோதாக்கள் சட்டமன்றத்துக்கு வந்தும் நிறைவேறாமல் போயின. பல நகரங்கள் தாங்களாகவே உள்ளூர்த் தடைகளைக் கொண்டுவந்தன. சட்டமன்றம் செய்ய முன்வராத ஒன்றை, நிதி ஒப்பந்தத்தின் ஒரு பத்தி பெரிய நிறுவனங்கள் பலவற்றில் செய்து முடித்தது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2012 ஏப்ரலில் தன் வளாகத்தைப் புகையிலையற்றதாக அறிவித்ததற்கு உடனடிக் காரணம் இந்த நிபந்தனைதான். புற்றுநோய் ஆய்வுக்கூடங்களுக்கு வந்த பணத்தின் பொருட்டு, அந்த ஆய்வுக்கூடங்களின் வாசலைக்கூட மிதிக்காத பல்லாயிரம் மாணவர்கள் நடமாடும் இடங்களும் மாறின.

பொது நிதியோடு நிபந்தனையை இணைப்பது என்ற இந்த முறை நமக்குப் புதிதன்று. அரசு உதவி பெறும் பள்ளி என்ற சொல்லை அறிந்த எவரும் இதன் அடிப்படையை அறிவார்கள்: நிர்வாகம் தனியாருடையது, ஊதியம் அரசுடையது, அந்த ஊதியத்தோடு ஆசிரியர் தகுதி முதல் கட்டணம் வரை பல விதிகளும் சேர்ந்தே வருகின்றன. சட்டம் எல்லோரையும் கட்டும். அதனாலேயே அதை எல்லோரும் எதிர்க்க முடியும், புகையிலை நிறுவனங்களின் ஆதரவு தேடும் முகவர்கள் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரையும் அணுகி அதைத் தடுக்க முடியும். நிதி நிபந்தனையோ, பணம் கேட்டு வருபவரை மட்டும் கட்டுகிறது. வேண்டாம் என்றால் அவர் பணத்தை மறுத்துவிடலாம். இந்த 'மறுக்கும் உரிமை'தான் அமெரிக்காவில் இம்முறைக்குச் சட்ட அடிப்படையாக இருக்கிறது. 1987ல், தெற்கு டக்கோட்டா மாநிலம் தொடுத்த வழக்கில், மது வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் 5 சதவீதத்தைக் குறைக்கும் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிபந்தனை பொது நலனுக்கானதாகவும், தெளிவாகச் சொல்லப்பட்டதாகவும், நிதியின் நோக்கத்தோடு தொடர்புடையதாகவும், வற்புறுத்தலின் எல்லையைத் தொடாததாகவும் இருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். புகையிலைக் கட்டுப்பாட்டுக்காகப் பின்னால் வந்த நிதி நிபந்தனைகள் எல்லாம் இந்த நான்கு அளவுகோல்களின் நிழலில்தான் நிற்கின்றன.

நிபந்தனைக்கும் ஊக்குவிப்புக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை இரண்டு உதாரணங்கள் காட்டுகின்றன. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் ஆராய்ச்சி நல்கைகளுக்கான விண்ணப்ப அறிவிப்புகளில் நீண்ட காலமாக ஒரு வாசகம் இடம்பெற்று வந்தது: நிதி பெறும் அனைவரும் புகையற்ற பணியிடத்தை அமைத்துக்கொள்ளவும், புகையிலைப் பயன்பாட்டைத் தவிர்க்கச் செய்யவும் துறை வலுவாக ஊக்குவிக்கிறது என்பது அதன் பொருள். வாசகம் நல்லது, ஆனால் அதைப் பின்பற்றாததால் நிதியை இழக்கும் அச்சம் எவருக்கும் இருக்கவில்லை. உலகிலேயே மருத்துவ ஆராய்ச்சிக்கு மிக அதிகமாகச் செலவிடும் அரசுத் துறைகளில் ஒன்று கெஞ்சலாகச் சொன்னதை, அதைவிடப் பல மடங்கு சிறிய டெக்சாஸ் அமைப்பு ஒப்பந்த விதியாக எழுதி வைத்தது.

இரண்டாவது உதாரணத்தில் எண்களும் இருக்கின்றன. அமெரிக்க வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை, அரசுப் பணத்தில் இயங்கும் பொதுக் குடியிருப்பு முகமைகளைப் புகையற்ற கொள்கைக்கு மாறுமாறு 2009 முதல் கேட்டுக்கொண்டது. ஏழு ஆண்டுகள் கழித்து, 600க்கும் மேற்பட்ட முகமைகளின் ஏறத்தாழ 2,28,000 வீடுகள் மாறியிருந்தன. மொத்தம் 9,40,000க்கும் அதிகமான வீடுகள் உள்ள நிலையில் இது நான்கில் ஒரு பங்கை எட்டவில்லை. 2016 டிசம்பரில் அத்துறை இதைக் கட்டாய விதியாக்கி, 2018 ஜூலை 30க்குள் எல்லா முகமைகளும் நிறைவேற்ற வேண்டும் என்று கெடு விதித்தது. ஏழு ஆண்டு வேண்டுகோளில் அசையாத மற்ற முகமைகள் எல்லாம், அந்தக் கெடுவுக்குள் தங்கள் வாடகை ஒப்பந்தங்களைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. தாமாக முன்வருவோர் எப்போதும் ஏற்கெனவே மனம் மாறியவர்கள்தான். மற்றவர்களிடம் செல்ல நிபந்தனை தேவைப்படுகிறது என்பது என் எண்ணம்.

கூட்டாட்சி அரசின் முதல் பெரிய நிபந்தனை குழந்தைகளின் பெயரால் வந்தது. 1994 மார்ச் 31 அன்று கல்விச் சட்டம் ஒன்றின் பகுதியாக நிறைவேறிய குழந்தைகள் நலச் சட்டம், கூட்டாட்சி நிதி பெற்று நடக்கும் பள்ளிகள், நூலகங்கள், பகல்நேரக் காப்பகங்கள், ஏழைக் குழந்தைகளுக்கான முன்பருவக் கல்வி மையங்கள், குழந்தைகளுக்கான சுகாதார மையங்கள் ஆகியவற்றின் கட்டடங்களுக்குள் புகைபிடிப்பதைத் தடைசெய்தது. மீறலுக்கு ஒரு நாளைக்கு 1,000 டாலர் வரை அபராதம் உண்டு. நிதி கேட்கும் அமைப்பு இதற்கு உடன்படுவதாகச் சான்றளிக்க வேண்டும். தான் பெற்ற நிதியில் ஒரு பகுதியை வேறு அமைப்புக்குத் தந்தால், அந்த ஒப்பந்தத்திலும் இதே வாசகத்தைச் சேர்க்க வேண்டும். நிதி எந்தக் கிளையில் பாய்ந்தாலும் நிபந்தனையும் அதன் பின்னாலேயே போகிறது என்பது இந்த ஏற்பாட்டின் சிறப்பு. வாஷிங்டனில் உள்ள ஓர் அலுவலர் நாட்டின் எல்லாக் காப்பகங்களையும் அறிந்திருக்க வேண்டியதில்லை; ஒவ்வொரு கட்டத்திலும் பணம் தருபவர் தனக்கு அடுத்தவரிடம் கேட்டால் போதும்.

ஆனால் அந்தச் சட்டத்தின் விதிவிலக்குகளையும் படிக்க வேண்டும். தனியார் வீடுகளில் நடக்கும் சேவைகளுக்கு விலக்கு. முதியோர், ஏழையர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களிலிருந்து மட்டும் பணம் பெறும் இடங்களுக்கு விலக்கு. தங்கிச் சிகிச்சை பெறும் குடி, போதை மறுவாழ்வுப் பகுதிகளுக்கும் விலக்கு. கடைசி விலக்கின் பின்னால் அக்காலத்தில் பரவலாக இருந்த ஒரு நம்பிக்கை நிற்கிறது. குடியையோ ஹெராயினையோ விடப் போராடும் மனிதரிடமிருந்து சிகரெட்டையும் பறித்தால் அவர் சிகிச்சையை விட்டே ஓடிவிடுவார் என்று மருத்துவர்களும் ஆலோசகர்களும் கருதினார்கள். அந்த மையங்களில் புகை இடைவேளை என்பது சிகிச்சை நாளின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆலோசகரும் நோயாளியும் ஒன்றாக நின்று புகைப்பார்கள். இந்த விலக்குக்குப் பின்னர் என்ன ஆயிற்று என்பதற்குச் சற்றுப் பிறகு வருகிறேன்.

நிதி நிபந்தனை பற்றிய மிகப் பெரிய பாடம், மைக் சைனார் என்ற ஓக்லஹாமா மாநில நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரால் வழங்கும் சைனார் திருத்தத்தில் இருக்கிறது. 1992 ஜூலையில் நிறைவேறிய அது, போதைப்பழக்கத் தடுப்புக்கும் சிகிச்சைக்கும் கூட்டாட்சி அரசு மாநிலங்களுக்குத் தரும் தொகுப்பு மானியத்தைச் சிறுவர்களுக்குப் புகையிலை விற்பதோடு இணைத்தது. மானியம் வேண்டும் மாநிலம் 18 வயதுக்கு உட்பட்டோருக்குப் புகையிலை விற்பதைத் தடைசெய்யும் சட்டத்தை வைத்திருக்க வேண்டும். அதைச் செயல்படுத்தவும் வேண்டும். விரிவான விதிமுறைகள் வெளியாக மூன்றரை ஆண்டுகள் ஆயின. 1996 ஜனவரி 19 அன்று அவை வெளியானபோது சைனார் உயிரோடு இல்லை. பத்து நாட்களுக்கு முன்பு மூளைப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிருந்தது. வயது 45.

விதிமுறைகள் கேட்டவை மூன்று. ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுதோறும் கடைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டும். சிறுவர் ஒருவரைக் கடைக்கு அனுப்பி, கடைக்காரர் விற்கிறாரா என்று பார்ப்பதுதான் சோதனை. விற்கும் கடைகளின் விகிதம், பேச்சுவார்த்தையில் முடிவாகும் காலக்கெடுவுக்குள் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். முடிவுகளை ஆண்டுதோறும் கூட்டாட்சி அரசுக்கு அறிக்கையாகத் தர வேண்டும். தவறினால் முதல் ஆண்டு மானியத்தில் 10 சதவீதம் வெட்டு, பிறகு 20, 30 என்று ஏறி 40 சதவீதம் வரை வெட்டு.

1997ல் நாடு முழுவதற்குமான சராசரி மீறல் விகிதம் 40.1 சதவீதமாக இருந்தது. பத்துக் கடைகளில் நான்கு, சட்டம் கூடாது என்று சொல்லியும், ஒரு சிறுவரின் கையில் சிகரெட்டைக் கொடுத்தன. 2006ல் முதன்முறையாக 50 மாநிலங்களும் தலைநகரப் பகுதியும் இலக்கை எட்டின. 2011ல் சராசரி 8.5 சதவீதத்துக்கு இறங்கியது. அந்தச் சட்டங்களில் பல சைனார் திருத்தத்துக்கு வெகுகாலம் முன்பிருந்தே ஏட்டில் இருந்தவை. மாறியது என்னவென்றால், அந்தச் சட்டம் மீறப்படுகிறதா என்று ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்கும் கடமை ஒவ்வொரு மாநிலத்திலும் யாரோ ஓர் அதிகாரியின் மேசைக்கு வந்து சேர்ந்ததுதான்.

இங்கே தண்டனையின் பங்கு என்ன என்பது கூர்ந்து பார்க்க வேண்டிய கேள்வி. 40 சதவீத வெட்டு என்பது கேட்க அச்சமூட்டும் அளவு. ஆனால் வெட்டப்படுவது எந்தப் பணம்? போதையிலிருந்து மீள வரிசையில் காத்திருக்கும் நோயாளிகளுக்கான பணம். கடைக்காரர் செய்த தவறுக்கும் மாநில அரசின் அசட்டைக்கும், இரண்டிலும் எந்தப் பங்கும் இல்லாத நோயாளியின் படுக்கை விலையாகக் கொடுக்கப்பட வேண்டும். எந்த அரசியல்வாதியும் அந்த முடிவை எடுத்துவிட்டு ஊர் திரும்ப விரும்பமாட்டார். 1990களின் இறுதியில் சில மாநிலங்கள் இலக்கைத் தவறவிட்டபோது நடந்ததும் அதுதான். நாடாளுமன்றம் தலையிட்டு, மானியத்தை இழப்பதற்குப் பதிலாக, இலக்கைத் தாண்டிய ஒவ்வொரு சதவீதப் புள்ளிக்கும் மானியத்தின் 1 சதவீதத்துக்கு ஈடான சொந்தப் பணத்தைப் புகையிலைச் சட்டச் செயலாக்கத்தில் மாநிலம் கூடுதலாகச் செலவிடலாம் என்று மாற்று வழி ஏற்படுத்தியது. என் பார்வையில் அந்தத் திருத்தம் மூலச் சட்டத்தைவிடச் சிறந்தது. தவறியவர் தவறிய காரியத்திலேயே பணம் போட வேண்டும் என்று அது சொன்னது. நோயாளியைப் பிணையாக வைக்கவில்லை. 2019 டிசம்பரில் புகையிலை வாங்கும் வயது நாடு முழுவதும் 21 ஆக உயர்ந்தபோது, வெட்டின் உச்சவரம்பும் 10 சதவீதத்துக்குக் குறைக்கப்பட்டது. பயன்படுத்த முடியாத அளவுக்குப் பெரிய தண்டனை வெறும் எழுத்தாகவே நின்றுவிடும் என்பதை ஏற்றுக்கொள்ள 27 ஆண்டுகள் ஆயின.

சைனார் முறைக்கு எதிராகச் சொல்லப்பட்ட இன்னொரு குறையும் நியாயமானது. சோதனைக்கு அனுப்பும் சிறுவரின் வயதையும் தோற்றத்தையும் பொறுத்து முடிவு மாறும். பார்த்த மாத்திரத்தில் சின்னப் பிள்ளை என்று தெரியும் ஒருவரை அனுப்பினால் பெரும்பாலான கடைக்காரர்கள் மறுத்துவிடுவார்கள்; மீறல் விகிதம் தாழ்வாகத் தெரியும்; மாநிலத்தின் மானியமும் பத்திரமாக இருக்கும். உண்மையில் சிகரெட் வாங்கப் போவது 16, 17 வயதுக்காரர்கள். அவர்களும் கடையில் கிடைக்காவிட்டால் மூத்த நண்பரிடம் வாங்கிக்கொள்வார்கள். பணம் ஓர் எண்ணோடு கட்டப்படும்போது, அந்த எண்ணை அழகாகக் காட்டும் ஆசையும் கூடவே பிறக்கிறது. ஆகவே 8.5 என்ற எண்ணை, 91.5 சதவீதக் கடைகள் எல்லாச் சிறுவர்களையும் எப்போதும் திருப்பி அனுப்புகின்றன என்று படிக்கக் கூடாது. என்றாலும் 40லிருந்து வந்த இறக்கம் முழுவதையும் சோதனையின் வடிவத்தைக் காட்டித் தள்ளிவிடவும் முடியாது.

இப்போது மறுவாழ்வு மையங்களுக்குத் திரும்பலாம். 1994ல் விலக்களிக்கப்பட்ட அந்த இடங்களை நியூயார்க் மாநிலம் 2008 ஜூலை 24 முதல் நேரடியாகக் கையிலெடுத்தது. மாநிலத்தின் உரிமமோ நிதியோ பெறும் எல்லாப் போதைச் சிகிச்சை மையங்களும், கட்டடம், சுற்றுப்புறம், வாகனம் உட்பட முழுமையாகப் புகையிலையற்றவையாக வேண்டும். நோயாளி, ஊழியர், பார்வையாளர் மூவரையும் அது கட்டும். நோயாளியின் மற்றப் போதைகளோடு நிக்கோட்டின் அடிமைத்தனத்துக்கும் சிகிச்சை தர வேண்டும். விதியோடு ஊழியர் பயிற்சிக்கும் நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம் போன்ற மாற்று மருந்துகளுக்கும் மாநிலம் உதவியது. அண்டை மாநிலமான நியூஜெர்சி அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தங்கிச் சிகிச்சை பெறும் மையங்களுக்கு உரிம விதியாக இதை முயன்றிருந்தது. அங்கே வளாகத் தடையைச் செயல்படுத்துவதில் தளர்ச்சி ஏற்பட்டது.

நியூயார்க்கின் முடிவுகள் கலவையானவை. மையங்கள் சிலவற்றில் விதிக்கு முன்பும் பின்பும் நடந்த ஆய்வில், புகைக்கும் ஊழியர்களின் விகிதம் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியிருந்தது ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இறங்கியது. நோயாளிகளிடையே இறக்கம் சிறியது. பத்தில் ஏழு பேர் புகைத்த நிலை ஆறு சொச்சமாயிற்று. மறைந்து நின்று புகைத்தல், அதைக் காணும் ஊழியர் காவலராக மாற வேண்டிய சங்கடம், விதியை மீறியவரைச் சிகிச்சையிலிருந்து வெளியேற்றுவதா என்ற கேள்வி ஆகியவை தொடர்ந்தன. இருந்தும், நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வெளியேறிவிடுவார்கள் என்று அஞ்சிய அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. குடியை வென்று வீடு திரும்பிய எத்தனையோ பேர் பிறகு நுரையீரல் புற்றுநோயிலும் இதய நோயிலும் இறந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால், அந்த மையங்களை 14 ஆண்டுகள் விலக்கி வைத்தது கருணையாகத் தோன்றி இழப்பாக முடிந்த முடிவு என்றே சொல்வேன்.

ஊழியரின் பணியிடத்துக்கு நிபந்தனை விதிப்பதும், ஒருவரின் வீட்டுக்கு விதிப்பதும் ஒன்றல்ல. மேலே சொன்ன பொதுக் குடியிருப்பு விதி, வீடுகளுக்கு உள்ளேயும், கட்டடத்திலிருந்து 25 அடி தூரத்துக்கும் சிகரெட், சுருட்டு, ஹூக்கா ஆகியவற்றைத் தடைசெய்கிறது. அதற்கான காரணங்கள் வலுவானவை. அடுக்ககத்தில் ஒரு வீட்டின் புகை மின்கம்பிக் குழாய் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் அடுத்த வீட்டுக் குழந்தையின் மூச்சுக்குள் போகிறது. மருத்துவச் செலவு, வண்ணப்பூச்சு, புதுப்பித்தல், தீ விபத்து ஆகியவற்றில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15.3 கோடி டாலர் மிச்சமாகும் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையங்களின் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் இங்கே நிதி பெறுவது முகமை, கட்டுப்படுவது குடியிருப்பவர். முகமையின் கடமை வாடகை ஒப்பந்தத்தின் ஒரு விதியாக இறங்கி, மூட்டு வலியோடு எட்டாவது மாடியில் வாழும் ஒரு மூதாட்டியின் தலையில் வந்து உட்காருகிறது. மீண்டும் மீண்டும் மீறினால் வீட்டை விட்டு வெளியேற்றும் அதிகாரம் முகமைக்கு உண்டு. வெளியேற்றத்தைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும் என்று துறை அறிவுறுத்தியது. டெக்சாஸ் விதியில் இருந்த, விட உதவும் கடமை இந்த விதியில் அதே கட்டாயத்தோடு இல்லை. அது பெரிய குறை. வசதியுள்ளோர் வாழும் தனியார் அடுக்ககங்களை இந்த விதி தொடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, நிதி நிபந்தனை என்ற கருவி அரசின் பணத்தைச் சார்ந்து வாழ்வோர் மீதே முதலில் விழுகிறது என்ற விமர்சனத்தை எளிதில் ஒதுக்க முடியாது.

பணத்தின் மூலம் நிறுவனங்களை மாற்றுவதற்கு அச்சுறுத்தல் தவிர்ந்த இன்னொரு வழியை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் காட்டியது. 1980களில் அங்கே விளையாட்டுக்கும் கலைக்கும் புகையிலை நிறுவனங்களே பெரும் புரவலர்கள். புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்தால் எங்கள் அணிகளுக்கு யார் பணம் தருவார்கள் என்று விளையாட்டு அமைப்புகள் கேட்டன. 1987ல் வந்த புகையிலைச் சட்டம் அந்தக் கேள்விக்கு விடை சொன்னது. புகையிலையின் மொத்த வியாபார விற்பனையில் 5 சதவீதத் தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் விக்ஹெல்த் எனப்படும் சுகாதார மேம்பாட்டு அறக்கட்டளையை அச்சட்டம் நிறுவியது. அதன் வரவுசெலவில் குறைந்தது 30 சதவீதம் விளையாட்டு அமைப்புகளுக்குச் செல்ல வேண்டும் என்றும் எழுதிவைத்தது. சட்டைகளிலும் மைதானங்களிலும் இருந்த சிகரெட் பெயர்கள் போய், புகையை விடச் சொல்லும் வாசகங்கள் வந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1991ல் தொடங்கிய ஹெல்த்வே என்ற அறக்கட்டளை இன்னும் ஒரு படி முன்னே சென்று, தன் ஆதரவு பெறும் சங்கங்களும் நிகழ்ச்சிகளும் தங்கள் இடத்தைப் புகையற்றதாக்க வேண்டும் என்பதை ஒப்பந்த நிபந்தனையாக்கியது. பொது இடங்களில் புகைக்கத் தடை பரவலாக வருவதற்கு முன்பே அங்கே மைதானங்களும் அரங்குகளும் மாறத் தொடங்கின. மாநிலங்கள் அப்படித் தீர்வை வசூலிக்க முடியாது என்று 1997ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்த பிறகும், இந்த அறக்கட்டளைகள் மாநில வரவுசெலவுத் திட்டத்திலிருந்து நிதி பெற்றுத் தொடர்ந்தன. கேட்பவருக்கு வேறு புரவலரே இல்லாத நிலையில் நிபந்தனை விதிப்பது எளிது. புகையிலைப் பணம் என்ற மாற்று கையருகே இருக்கும்போது அதைவிட நல்ல பணத்தை முன்வைத்து நிபந்தனை விதிப்பது கடினம். விக்டோரியா செய்தது இரண்டாவதை.

நிறுவனங்களிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதற்கும் எல்லை உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012ல் ஏழையர் மருத்துவக் காப்பீட்டு விரிவாக்க வழக்கில், அத்திட்டத்துக்காக மாநிலம் பெறும் முழு நிதியையும் பறிப்போம் என்ற மிரட்டல் வற்புறுத்தலாகிவிடும் என்றது. 2013ல் எய்ட்ஸ் தடுப்பு நிதி வழக்கில், நிதி பெறும் தொண்டு அமைப்பை அரசின் கருத்தைத் தன் கருத்தாக அறிவிக்கச் சொல்ல முடியாது என்றது. இந்த இரண்டாவது தீர்ப்பு நம் பொருளுக்கு நெருக்கமானது. உன் கட்டடத்தில், நான் தரும் பணத்தில் நடக்கும் பணியில், புகையிலை கூடாது என்று நிதியளிப்பவர் சொல்லலாம். புகையிலை வரியைப் பற்றி உன் அமைப்பு இன்ன கருத்தைத்தான் சொல்ல வேண்டும் என்று கட்டளையிட முடியாது. புகையிலைக் கட்டுப்பாட்டில் உண்மையான அக்கறை உள்ளவர்களும் இந்த எல்லையை மதிக்க வேண்டும். இன்று நமக்கு உவப்பான கருத்தைத் திணிக்கப் பயன்படும் வழி நாளை வேறொருவர் கைக்குப் போகும்.

இந்தியாவில் நிலைமை தலைகீழ். இங்கே சட்டம் முன்னே இருக்கிறது: 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டமும் 2008 அக்டோபர் 2 முதல் நடப்புக்கு வந்த விதிகளும் பணியிடம் உட்படப் பொது இடங்களில் புகைப்பதைத் தடைசெய்கின்றன, கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கவும் தடை. ஆனால் சட்டம் பெரிதும் புகையைக் குறிவைக்கிறது. நாட்டு மக்களின் பழக்கமோ வேறு. 2016-17ல் நடந்த தேசிய அளவிலான கணக்கெடுப்பின்படி வயது வந்தோரில் 10.7 சதவீதத்தினர் புகைத்தார்கள். புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்தியவர்கள் 21.4 சதவீதத்தினர். பான், குட்கா, கைனி ஆகியவற்றை வாயில் அடக்கிக்கொண்டு ஓர் அலுவலகத்திலோ மருத்துவமனை வளாகத்திலோ வேலை செய்பவரைப் பணியிடப் புகைத்தடை தொடுவதில்லை. 2019ல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட, புகையிலையற்ற கல்வி நிறுவனங்களுக்கான திருத்திய வழிகாட்டுதல்கள் இந்த இடைவெளியை உணர்ந்து எல்லாப் புகையிலைப் பொருட்களையும் உள்ளடக்கின. பள்ளிகள் தங்களைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்ள மதிப்பெண் அட்டையையும் தந்தன. அந்த அட்டையின் மதிப்பெண்ணைப் பள்ளிக்கு வரும் மானியத்தோடு அவை இணைக்கவில்லை.

இணைக்க வேண்டுமா என்றால், வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் பணத்தை வெட்டும் வழியில் அல்ல. மதிய உணவையும் ஆசிரியர் ஊதியத்தையும் பிணையாக வைத்தால் சைனார் திருத்தம் செய்த பிழையையே நாமும் செய்வோம், தண்டிக்கப்படுவது பிள்ளைகள். ஆராய்ச்சி நல்கை, புதிய கட்டட நிதி, விருது, சிறப்பு ஒதுக்கீடு போன்ற, கிடைக்காவிட்டால் ஏழைகள் பட்டினி கிடக்க நேராத பணங்களோடு இணைப்பதுதான் பொருத்தம். கேட்கப்படுவதும் டெக்சாஸ் கேட்டதைப் போல எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்: ஆளுகைக் குழுவின் தீர்மானம் எந்தத் தேதியில் நிறைவேறியது, எந்தெந்த நிலப்பரப்பை அது உள்ளடக்குகிறது, மெல்லும் புகையிலை அதில் பெயர் சொல்லி இருக்கிறதா, விட விரும்பும் காவலாளியும் துப்புரவுப் பணியாளரும் யாரிடம் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறதா.

மேலே கண்ட எல்லா ஏற்பாடுகளிலும் பலவீனமான கண்ணி ஒன்றே. சான்றளிப்பு என்பது காகிதம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் பெரும்பாலும் நிறுவனத்தின் நிதி அலுவலர்; அவருக்கு வாகன நிறுத்துமிடத்தின் பின்சுவரோரம் என்ன நடக்கிறது என்று தெரிய வாய்ப்பில்லை. சைனார் முறை தன் குறைகளையெல்லாம் மீறி எதையேனும் சாதித்ததென்றால், ஆண்டுக்கு ஒரு முறையாவது யாரோ ஒருவர் கடை வாசலுக்கு நேரில் போனார் என்பதால்தான். டெக்சாஸில் அதே புற்றுநோய் நிறுவனத்தின் பணத்தில், மனநலச் சிகிச்சை மையங்களைப் புகையிலையற்றவையாக்க நேரில் சென்று உதவும் திட்டம் ஒன்று 2013 முதல் நடக்கிறது. அதன் பயிற்சியாளர்கள் மையத்தின் எல்லா ஊழியர்களையும், வரவேற்பு மேசையில் இருப்பவர் உட்பட, உட்காரவைத்துப் பேசுகிறார்கள். மாற்று மருந்துகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அறிவிப்புப் பலகைகளை எங்கே வைப்பது என்பதையும் அவர்களோடு சேர்ந்தே முடிவுசெய்கிறார்கள்.